ரத்தம் திரும்பியதும் நெரிசல்

முழங்காலுக்குக் கீழே அக்குபஞ்சர் ஊசி குத்திக்கொண்டால் மாரடைப்பு வந்தாலும் இதயத் தசை சாகாது என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறதாம். உண்மையா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். ஆய்வுக் கட்டுரை ஆதாரமும் காட்டுகிறார்களாம். காட்டலாம், ஏராளமாக இருக்கிறது. பெரும்பாலும் எலிக்கும் முயலுக்கும்.

ஊசி கிடக்கட்டும், அது தடுப்பதாகச் சொல்லும் சேதம்தான் விசித்திரமானது. அடைபட்ட ரத்தக்குழாயைத் திறந்தால் தசை பிழைக்க வேண்டும். பெரும்பகுதி பிழைக்கிறது. ஒரு பகுதியோ, ரத்தம் திரும்பிய முதல் சில நிமிடங்களில்தான் அடிவாங்குகிறது. 1960-லேயே ராபர்ட் ஜென்னிங்ஸ் குழு நாய்களிடம் இதைக் கவனித்தது.

2014-இல் கேம்பிரிட்ஜின் மைக்கேல் மர்ஃபியும் சகாக்களும் 'நேச்சர்' இதழில் சுட்டிய முதல் குற்றவாளி, சக்சினேட் என்ற வேதிப்பொருள். கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். எலக்ட்ரான்கள் விருந்தாளிகள், ஆக்சிஜன் கடைசியில் விரித்த இலை. இலை இல்லையென்றால் பந்தி நகராது; பக்கவாசலில் சக்சினேட் என்ற கூட்டம் சேர்ந்துகொண்டே போகும். திடீரென்று இலை போட்டாயிற்று என்று குரல் வந்ததும் பக்கவாசல் கூட்டம் மொத்தமாகப் பாய்கிறது. அந்தத் தள்ளலில் ஒரு பகுதியினர் முன்வாசல் வழியே, அதாவது மைட்டோகாண்ட்ரியாவின் முதலாம் புரதத் தொகுதி வழியே, பின்னோக்கித் தள்ளப்படுகிறார்கள். முறையாக நான்கு எலக்ட்ரான் உட்கார்ந்தால் ஆக்சிஜன் தண்ணீராகும். வாசலில் ஒற்றை எலக்ட்ரான் ஒட்டிக்கொண்டாலோ சூப்பர்ஆக்சைடு என்ற நாசகாரி. சாம்பார் வாளி கவிழ்ந்து, சமையல்காரர் வழுக்கி விழுந்து, மாப்பிள்ளை வீட்டார் கோபித்துக்கொண்டு கிளம்பியும் விட்டார்கள், செல் சாகிறது. எலக்ட்ரான் பின்னோக்கி ஓடுவது பாடப்புத்தகத்தின் ஓரத்தில் கிடந்த சங்கதி. உயிரை வாங்கும் இடத்தில் அதைக் கண்டது எனக்கு இன்னும் சிலிர்ப்பு.

இனி ஊசி. முன்கூட்டியே மின்சார ஊசி போட்ட எலிகளில் சேதத்தின் அடையாளமான மலோன்டைஆல்டிஹைடு குறைந்தது, காப்பு நொதி கூடியது என்பதே வழக்கமான முடிவு. இது சிந்திய சாம்பாரை அளப்பது. கதவை யார் பிடித்தார்கள் என்பதற்குப் பதில் இல்லை. நரம்பு வழி ஒன்று இருப்பது மெய்தான். 2021-இல் ஹார்வர்டின் சியூஃபூ மா குழு, சுண்டெலியின் பின்னங்காலில் மெல்லிய மின்னூட்டம் கொடுத்தால் வேகஸ் நரம்பு, அட்ரீனல் சுரப்பி வழியாக அழற்சி தணிவதைக் காட்டியது. வயிற்றில் அதே மின்னூட்டம் பலிக்கவில்லை. இந்த வழியைத் தூண்டும் வகை நரம்பு காலின் ஆழத்தில்தான் ஓடுகிறது. ஆனால் அது நச்சு தந்த அழற்சி, மாரடைப்பு அல்ல.

மனிதரிடம் நடந்த சோதனைகளுக்கு வருவோம். 1998-இல் ஆண்ட்ரூ விக்கர்ஸும் சகாக்களும் திரட்டிய சீனத்து அக்குபஞ்சர் சோதனைகள் அத்தனையும் வெற்றி. ஒன்றுகூடத் தோற்காத துறையைக் கண்டால் எனக்குச் சந்தேகம்தான் வரும். தவிர, மாரடைப்பு நாள் குறித்துக்கொண்டு வருவதில்லை. எலிக்கு முன்கூட்டியே குத்தலாம், மனிதருக்கு எப்போது குத்துவது?

ஊசியை மட்டும் குறை சொல்லவும் முடியாது. விலங்குகளின் இதயத்தைக் காத்த சைக்ளோஸ்போரின் மருந்து, 2015-இல் மாரடைப்பு நோயாளிகளிடம் பயன் தரவில்லை. கையில் பட்டை கட்டி ரத்தத்தை நிறுத்தி நிறுத்தி விடும் முறையும் 2019-இல் 5,000-க்கும் மேற்பட்டோரிடம் தோற்றது. மாரடைப்பு நோயாளியைப் போலல்ல, ஆய்வகத்து எலி இளசு. சர்க்கரை இல்லை, புகைத்ததில்லை, மாத்திரை எதுவும் விழுங்குவதில்லை.