யூரிட்டர், யூரித்ரா: இரு பதங்களின் பொருள்

ஆஸ்பத்திரிச் சீட்டில் 'யூரிட்டர்' என்றும் 'யூரித்ரா' என்றும் கண்டு, இரண்டும் ஒன்றென எண்ணும் அங்கத்தினர் உண்டு. இவ்விரு பதங்களும், சிறுநீர் கழித்தல் என்று பொருள்படும் 'ஔரெயின்' என்னும் கிரேக்க வினைச்சொல்லினின்று பிறந்தவை. ஆயினும் உறுப்புகள் வேறு. ஏரிப்பாசனம் அறிந்தார்க்கு இஃது எளிதில் விளங்கும். சிறுநீரகம் இரண்டினின்றும் நீர்ப்பைக்கு வந்து சேரும் வரத்து வாய்க்கால்கள் யூரிட்டர்கள். ஒவ்வொன்றும் சுமார் 10 முதல் 12 அங்குல நீளமுள்ளது. பையினின்று வெளியேற்றும் மதகுவழி யூரித்ரா. கி.பி. 2-ம் நூற்றாண்டில் காலன் என்னும் கிரேக்க வைத்தியர், பிராணிகளின் யூரிட்டர்களைக் கட்டிவிட்டு, பை வெறுமையாயிருக்கக் காட்டி இதனை நிரூபித்தார். வரத்து வாய்க்காலில் கல் அடைத்தால் விலாப்புறத்தில் கடும் வலி உண்டாகும். நீர் பின்தேங்கிச் சிறுநீரகமே கெடவும் கூடும். ஆகையால், வலி தணிந்ததென்று வாளாவிராமல் வைத்தியரிடம் காட்டுதல் அவசியம்.