ப்ரீ-இன்டர்மீடியட் படித்தால் என்ன செய்ய வரும்?

நம் சங்கத்தின் மாலை நேர ஆங்கில வகுப்புக்கு வருகிற ஓர் அம்மாள், டில்லிக்குக் குடிவந்த புதிதில் முட்டிவலிக்காக ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனார். இந்தி அப்போது சுத்தமாக வராது. டாக்டர் ஆங்கிலத்தில், "யூ டோன்ட் ஹேவ் ஷுகர்?" என்று கேட்டிருக்கிறார். "உங்களுக்கு ஷுகர் இல்லையே?" என்று நம்மைக் கேட்டால் என்ன சொல்வோம்? "ஆமா, இல்லை" என்போம். அவரும் அந்த 'ஆமா'வை "எஸ்" என்று சொல்லிவிட்டார். சீட்டில் சர்க்கரை நோயாளி என்று ஏறிவிட்டது. வீட்டில் மகன் சீட்டைப் படித்துப் பார்த்து, "எப்பம்மா உனக்கு ஷுகர் வந்தது?" என்று கேட்ட பிறகுதான் விஷயம் தெரிந்தது.

இத்தனைக்கும் அவர் பி.காம். படித்தவர். பன்னிரண்டு டென்ஸையும் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பார்.

இந்த இடத்தில் நிற்கிறவர்களுக்கான பாடத்துக்குத்தான் ப்ரீ-இன்டர்மீடியட் என்று பெயர். ("பி.யூ.சி.க்கு முன்னாடி இருந்ததே, அந்த இன்டரா?" என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். அது வேறு!) இவர்களுக்கு எழுத்து தெரியும், எளிய வாக்கியம் புரியும், கடையில் விலை கேட்க வரும். ஆனால் நேற்று நடந்த ஒன்றைக் கோர்வையாகச் சொல்லச் சொன்னால் தடுமாறுவார்கள். எதிராளி எதிர்பாராமல் ஒரு கேள்வி கேட்டுவிட்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

இந்தப் படியில் எதைக் கற்க வேண்டும் என்று யார் தீர்மானிப்பது? நாங்கள் பள்ளியில் படித்தபோது இலக்கணப் புத்தகத்தின் பொருளடக்கமே இலக்கு. இதை மாற்றிப்போட்டவர்கள் ஐரோப்பியர்கள். ஐரோப்பிய கவுன்சிலுக்காக வான் ஏக் என்பவர் 1975-ல் 'த்ரெஷோல்ட் லெவல்' என்றொரு நூலைத் தயாரித்தார். த்ரெஷோல்ட் என்றால் நிலைப்படி. அயல்மொழிக்காரர்கள் நடுவில் அன்றாட வாழ்க்கை நடத்த ஒருவருக்குக் குறைந்தபட்சம் என்னென்ன பேச வர வேண்டும் என்ற கணக்கு அது. 2001-ல் அதே கவுன்சில் எல்லா மொழிகளுக்கும் பொதுவாக ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகள் கொண்ட சட்டகத்தை வெளியிட்டது. அதில் ஒவ்வொரு படியும் "இவரால் இதைச் செய்ய முடியும்" என்ற வாக்கியங்களாலேயே விளக்கப்படுகிறது. ப்ரீ-இன்டர்மீடியட் என்பது ஏ2-விலிருந்து பி1-ஐ நோக்கி நடக்கும் தூரம்.

ஆகவே எங்கள் வகுப்புக்கு இலக்கு எழுத உட்கார்ந்தபோது, டென்ஸ் பெயர்களை ஒதுக்கிவைத்துவிட்டு, வகுப்பிலிருந்த பெண்களையே கேட்டேன்: எந்த இடத்தில் வாயடைத்துப் போகிறது? டாக்டரிடம் வலி எப்போது ஆரம்பித்தது, எதனால் கூடுகிறது என்று சொல்வது. பள்ளியில் டீச்சர் பிள்ளையைப் பற்றிக் குறை சொன்னால் வெறுமனே தலையாட்டாமல் ஒரு கேள்வியாவது திருப்பிக் கேட்பது. வாங்கிய பொருள் பழுதென்றால் போனில் புகார் சொல்லி, எப்போது சரிசெய்வார்கள் என்று தெரிந்துகொள்வது. புரியாதபோது "மறுபடி மெதுவாகச் சொல்லுங்கள்" என்று கூச்சமில்லாமல் கேட்பது. கடைசியாகச் சொன்னதுதான் எல்லாவற்றிலும் பெரியது என்பது என் அபிப்பிராயம். பாதிப் பேருக்கு மேல் அதையே பட்டியலில் முதலில் வைத்தார்கள்.

அப்போ இலக்கணம் வேண்டாமா என்றால், வேண்டும். ஆனால் வேலைக்குத் தேவைப்படும் இடத்தில். வலி எப்போது ஆரம்பித்தது என்று சொல்ல ஸிம்பிள் பாஸ்ட். அது இன்றுவரை நீடிக்கிறது என்று சொல்ல ப்ரெஸன்ட் பெர்ஃபெக்ட். பின்னதைக் கண்டு நம்மவர்கள் பயப்படுவார்கள். பயப்படவே வேண்டியதில்லை, தமிழில் கிட்டத்தட்ட அதே ஏற்பாடு இருக்கிறது. "ஆக்ரா போயிருக்கீங்களா?" "போயிருக்கேன். போன வருஷம் போனேன்." இதில் முதல் 'போயிருக்கேன்'தான் 'ஐ ஹேவ் பீன்', அடுத்த 'போனேன்'தான் 'ஐ வென்ட்'. இதைச் சொன்னதும் வகுப்பில் பல முகங்கள் மலர்ந்தன. ஆனால் ஒரு குழி உண்டு. காலையில் ஈரமான வாசலைப் பார்த்துவிட்டு, "நேத்து ராத்திரி மழை பெய்திருக்கு" என்கிறோம். அதை அப்படியே 'இட் ஹேஸ் ரெயின்ட் லாஸ்ட் நைட்' என்றால் தப்பு. முடிந்துபோன நேரத்தைக் குறித்துச் சொல்லிவிட்டால் ஆங்கிலம் 'ஹேஸ்' போட விடாது.

'எ', 'தி' விவகாரமும் அப்படித்தான். தமிழில் 'தி' கிடையாது என்று சொல்லிக் கைகழுவிவிடுகிறார்கள். "புத்தகம் வாங்கினேன்", "புத்தகத்தை வாங்கினேன்" இரண்டையும் சொல்லிப் பாருங்கள். இரண்டாவதில், எந்தப் புத்தகம் என்பது கேட்பவருக்குத் தெரிந்திருக்கிறது. 'தி' செய்கிற வேலையில் ஒரு பங்கை இங்கே நம் இரண்டாம் வேற்றுமை செய்துவிடுகிறது. எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது; தொடங்குவதற்குப் போதும்.

அந்த 'எஸ்' சமாச்சாரத்துக்கும் இதே வழிதான். தமிழில் 'ஆமா' என்பது கேட்டவர் சொன்னதை ஆமோதிப்பது. ஆங்கிலத்து 'எஸ்', 'நோ' இரண்டும் பின்னால் வரும் வாக்கியத்தைச் சேர்ந்தவை. ஷுகர் இல்லையென்றால், எப்படித் திருப்பிக் கேட்டாலும் "நோ, ஐ டோன்ட்" தான். இதற்கு மூன்று வகுப்புகள் செலவிட்டேன். இன்னும் ஒன்று செலவிட்டிருக்கலாம்.

பாடம் நடத்துவதில் எனக்கு வழிகாட்டி என்.எஸ்.பிரபு. 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னைப் பள்ளிகளில் அவர் நடத்திய சோதனை உலகெங்கும் பேசப்பட்டது. ரயில் கால அட்டவணை, வரைபடம் இவற்றைக் கையில் கொடுத்து, கணக்குப் போட வைத்து, அந்தப் போக்கிலேயே மொழி வரட்டும் என்று விட்டார். நாங்களும் ரயில் அட்டவணையில்தான் ஆரம்பித்தோம். ஊருக்குப் போகிற வண்டி என்றால் யாருக்குத்தான் ஆர்வம் இருக்காது!

எவ்வளவு நாள் ஆகும்? 'முப்பதே நாளில்' என்கிற விளம்பரங்களை நம்பாதீர்கள். ஏ2 எட்ட 180 முதல் 200 மணி நேரம், பி1 எட்ட 350 முதல் 400 மணி நேரம் என்பது கேம்பிரிட்ஜ் தேர்வுக்காரர்கள் தரும் உத்தேசக் கணக்கு. இடைவெளி குறைந்தது 150 மணி. எங்கள் வகுப்பு வாரம் இரண்டு நாள், ஒன்றரை மணி நேரம். நவராத்திரி, தீபாவளி, பிள்ளைகளின் பரீட்சை, கோடையில் ஊருக்குப் போவது எல்லாம் கழித்தால் வருடத்துக்கு 40 வாரம் தேறும். அதாவது 120 மணி. ஒன்றேகால் வருடத்துக்குக் குறைந்து முடியாது. சேருகிற அன்றே இதைச் சொல்லிவிடுகிறேன். சிலர் மறுவாரம் வருவதில்லை, என்ன செய்ய.

2020-ல் வந்த துணைத்தொகுதியில் அந்தச் சட்டகம் ஒரு திறனை விரிவாகச் சேர்த்திருக்கிறது. ஒருவர் சொன்னதை, அந்த மொழி தெரியாத இன்னொருவருக்கு எடுத்துச் சொல்வது. நம் வீடுகளில் இது தினப்படி வேலை. டாக்டர் ஆங்கிலத்தில் சொல்கிற பத்தியத்தை ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியாருக்குத் தமிழில் சொல்ல வேண்டும். மாமியார், "ராத்திரி கால் குடையுது" என்றால் அதை டாக்டருக்கு ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். 'குடையுது' என்பதற்கு ஆங்கிலத்தில் என்ன என்று வகுப்பில் அரைமணி நேரம் விவாதம் நடந்தது. கடைசியில், வார்த்தை தேட வேண்டாம், எங்கே, எப்போது, எவ்வளவு நேரம் என்று மூன்று சின்ன வாக்கியமாகச் சொல்லிவிடலாம் என்று தீர்வு சொன்னவர், அந்த முட்டிவலி அம்மாள்தான்.