இல்லத்தினுள் ஒரு பசுங்கொடி

டோம்பிவிலியில் நம்மவர் வாழும் அடுக்குமாடி இல்லங்களில் முற்றமும் இல்லை, கொல்லையும் இல்லை. எனினும் பச்சை இலையைக் காணாமல் வாழ நம் மனம் ஒப்புவதில்லை. ஆதலின் பலகணிக் கம்பியிலோ கூடத்தின் மூலையிலோ ஒரு மணி பிளாண்ட் கொடி இடம்பெற்று விடுகிறது. நாள்தோறும் தவறாமல் நீர் ஊற்றுகிறோம். ஆயினும் சில திங்களில் இலை மஞ்சளித்து, தண்டு அழுகி, கொடி மாய்ந்து போவதைப் பல இல்லங்களில் காண்கிறோம். இதற்குக் காரணம் பெரும்பாலும் அன்பின் குறைவன்று. நீரின் மிகுதியே ஆகும்.

இக்கொடியின் தாயகம் பசிபிக் மாகடலில் பிரெஞ்சுப் பொலினீசியாவைச் சேர்ந்த மூரியா தீவு. 1880ஆம் ஆண்டில் அறிவியலார் இதற்கு முதலில் பெயரிட்டனர். பெருமரங்களின் நிழலில், அவற்றின் அடிமரத்தைப் பற்றி ஏறுவது இதன் இயல்பு. ஆகவே கடும் வெயில் நேரே பட்டால் இலை கருகும். இருண்ட மூலையில் வைத்தாலோ இலையிலுள்ள பொன்வரிகள் மங்கிவிடும். பலகணிக்கு அருகே, வெளிச்சம் மட்டும் விழும் இடமே இதற்கு ஏற்றது.

வேருக்கு நீர் எவ்வளவு இன்றியமையாததோ, காற்றும் அவ்வளவு இன்றியமையாதது. மண்ணின் இடைவெளிகளை எல்லாம் நீரே அடைத்துக் கொண்டால் வேர் மூச்சுத் திணறி அழுகும். அழுகிய வேர் நீரை உறிஞ்சாது, இலை வாடும். வாட்டத்தைக் கண்டு நாம் மேலும் நீர் ஊற்றினால் கொடியின் முடிவு விரைந்து வரும். ஆதலின் நாட்காட்டியைப் பார்த்து நீர் ஊற்றுதல் கூடாது. விரலை ஓரங்குலம் மண்ணுள் அழுத்திப் பார்த்து, ஈரம் இல்லையேல் மட்டுமே ஊற்றுதல் வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழைக்காலத்தில் மண் எளிதில் உலராது என்பதை மறத்தலாகாது. தொட்டியின் அடியில் துளை இருத்தல் வேண்டும். மண்ணுடன் மக்கிய எருவும் தென்னை நார்த்தூளும் கலந்தால் நீர் தேங்காது.

தேங்கும் நீரால் கொடிக்கு மட்டுமன்று, நமக்கும் கேடு உண்டு. தொட்டியின் கீழுள்ள தட்டிலும், கொடி வைத்த கண்ணாடிப் புட்டியிலும் தெளிந்த நீர் நிற்கிறது. டெங்கு காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு விரும்பி முட்டையிடும் இடம் இதுவே. மும்பையில் மாநகராட்சி ஊழியர் மழைக்காலத்தில் வீடு வீடாகச் சோதனையிடும்போது மணி பிளாண்ட் வைத்த புட்டிகளையும் நோக்குவது இதனாலேயே. முட்டை கொசுவாக வளர ஏறக்குறைய எட்டு முதல் பத்து நாட்கள் ஆகும். எனவே வாரம் ஒரு முறையேனும் நீரை மாற்றுதல் வேண்டும். நீரை மாற்றினால் மட்டும் போதாது. முட்டைகள் பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, நீர் வற்றியபின்னும் பல மாதங்கள் உயிருடன் இருக்கக் கூடியவை. ஆதலின் உட்புறத்தை நன்கு தேய்த்துக் கழுவுக.

குழந்தைகள் உள்ள இல்லத்தார் மற்றொன்றையும் அறிதல் நலம். இக்கொடி நமது சேம்பிற்கும் கருணைக்கிழங்கிற்கும் உறவு. கருணை நாக்கைக் கார்வதேன் என்பதை நம் தாய்மார் அறிவர். புளி சேர்த்து வேகவைத்தே சமைப்பர். அதே ஊசி போன்ற நுண்படிகங்கள் மணி பிளாண்டின் இலையிலும் தண்டிலும் உண்டு. குழந்தை மென்றுவிட்டால் வாய் எரிந்து வீங்கும். உடனே வாயைக் கழுவி, மருத்துவரிடம் காட்டுக; விழுங்கவோ மூச்சுவிடவோ இடர்ப்பட்டால் ஒரு கணமும் தாமதிக்கலாகாது. தவழும் குழந்தைக்கு எட்டாத உயரமே கொடிக்கு உரிய இடம்.

கோடை விடுமுறையில் ஊருக்குப் புறப்படும் குடும்பங்கள் தொட்டிக்கு நன்கு நீர்விட்டு, வடிந்தபின் தட்டை அகற்றி, வெயிலுக்குச் சற்று விலக்கி வைத்துச் செல்லலாம். புட்டியில் உள்ள கொடியை அண்டை வீட்டாரிடம் ஒப்படைப்பதே நன்று. பூட்டிய வீட்டில் நீர் நிற்றல் ஆகாது.

மணி பிளாண்டைத் திருடி நட்டால்தான் செழிக்கும் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். அதற்குத் தேவையே இல்லை. ஒரு கணுவேனும் உள்ள துண்டைக் கேட்டு வாங்கி நடுங்கள். கணுவிலிருந்தே வேர் விடும். கொடி தழைத்தபின் நீங்களும் ஒரு துண்டை அடுத்த வீட்டாருக்கு அளியுங்கள்; தட்டில் நீர் தேங்கலாகாது என்ற எச்சரிக்கையையும் சேர்த்தே அளியுங்கள்.