இடமாற்றமும் முதலாளி மாற்றமும்

‘இடமாற்றம்’ என்னும் சொல்லை ஊன்றி நோக்கின், அதன்கண் மாறுவது இடம் ஒன்றே என்பது புலப்படும். ஒரே கம்பெனியின் ஊழியர் ஈப்போவிலிருந்து தைப்பிங்கிற்கு அனுப்பப்பட்டால் அஃது இடமாற்றம். தாய்க் கம்பெனியின் ஊழியரை அதன் துணைக் கம்பெனிக்கு மாற்றினாலோ, மேசையும் நாற்காலியும் மாறாவிடினும் முதலாளி மாறிவிடுகிறார். இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதிக் கையொப்பமிடும் ஊழியர், பல்லாண்டுச் சேவையின் பயனை இழக்க நேரிடலாம்.

பங்குதாரரும் இயக்குநரும் ஒருவரேயாயினும், பதிவு பெற்ற ஒவ்வொரு கம்பெனியும் சட்டத்தின் பார்வையில் தனித்தனி ஆளாகும். வேலை ஒப்பந்தமோ இருவருக்கிடையே அமைவது. அவருள் ஒருவரை நீக்கி மற்றொருவரைப் புகுத்த, ஊழியரின் இசைவு வேண்டும்.

இக்கொள்கைக்கு ஆணிவேராக விளங்குவது இங்கிலாந்தின் நோக்ஸ் வழக்கு. 1937-ஆம் ஆண்டு, நிலக்கரிச் சுரங்கக் கம்பெனி ஒன்றின் உடைமைகள் யாவும் நீதிமன்ற ஆணையால் டான்காஸ்டர் கூட்டுச் சுரங்கக் கம்பெனிக்கு மாறின. இதனை அறியாமலே வேலை செய்துவந்த தொழிலாளி ஒருவர், வேலைக்கு வராததற்காக இழப்பீடு கட்டுமாறு பணிக்கப்பட்டார். 1940-இல் பிரபுக்கள் சபை இதனை மாற்றித் தீர்ப்பளித்தது. நிலமும் இயந்திரமும் கைமாறுவதுபோல் மனிதனின் உழைப்பு அவனறியாமல் கைமாறாது என்பதே அத்தீர்ப்பின் சாரம். பின்னர் 1981-இல், தொழில் கைமாறும்போது பழைய நிபந்தனைகளோடு ஊழியரும் தொடர்வதற்கு அந்நாட்டில் தனி விதிகள் செய்யப்பட்டன.

மலேசியாவில் 1967-ஆம் ஆண்டின் தொழில் உறவுச் சட்டம், முதலாளி தம் அமைப்புக்குள் ஊழியரை இடம் மாற்றுவதைக் கூட்டு ஒப்பந்தக் கோரிக்கைக்கு அப்பாற்பட்டதாக வைத்துள்ளது. ஆயினும், அம்மாற்றம் வேலை நிபந்தனைகளில் ஊழியருக்குப் பாதகம் விளைவித்தல் கூடாது. ‘தம் அமைப்புக்குள்’ என்னும் வரம்பு கருதத்தக்கது. அது பிற கம்பெனிக்கு அனுப்பும் அதிகாரத்தைத் தருவதன்று.

நியமனக் கடிதத்திலேயே ‘தொடர்புடைய கம்பெனிகளுக்கும் மாற்றலாம்’ என்னும் விதி இருப்பின், ஊழியர் முன்கூட்டியே இசைந்தவராகிறார். அப்போதும் அந்த அதிகாரம் நல்லெண்ணத்தோடு பயன்படுத்தப்படல் வேண்டும். பழிவாங்கும் கருவியாகக் கூடாது. சில காலம் இரவலாக அனுப்புவது வேறு. அங்கே பழைய முதலாளியே முதலாளியாக நீடிக்கிறார்.

தொழிலே கைமாறும்போது நிலைமை சற்று வேறுபடும். தீபகற்ப மலேசியாவில் 1980-ஆம் ஆண்டின் வேலை முடிவு நலன் விதிகளின்படி, புதிய உரிமையாளர் ஏழு நாளுக்குள், முன்னையதற்குக் குறையாத நிபந்தனைகளோடு வேலை தர முன்வரல் வேண்டும். தக்க காரணமின்றி அதனை மறுக்கும் ஊழியர் நலன்தொகை பெறார். வேலை தர முன்வராவிடில், பழைய முதலாளி நலன்தொகை தரக் கடமைப்பட்டவர். ஐந்தாண்டும் அதற்கு மேலும் உழைத்தவருக்கு அது ஆண்டுக்கு 20 நாள் சம்பளமாகும். இருபது ஆண்டு உழைத்தவருக்கு 400 நாள் சம்பளம்! முந்தைய சேவை கணக்கில் சேருமா என்னும் வினாவின் கனம் இதனால் விளங்கும். சிங்கப்பூரில் வேலை நியமனச் சட்டத்தின் 18ஏ பிரிவு, தொழில் கைமாறும்போது சேவை அறுபடாமல் காக்கிறது.

கம்பெனிகள் தனித்தனி என்னும் கொள்கையை ஊழியருக்கு எதிராகத் திருப்பவும் இயலாது. உணவகத்தை மூடி ஊழியரை நீக்கிய ஓட்டல் ஜெயா புரி வழக்கில், ஓட்டலும் அதன் துணைக் கம்பெனியான உணவகமும் நடைமுறையில் ஒன்றே என நீதிமன்றம் கண்டது.

ஆகவே, மாற்றக் கடிதம் கைக்கு வந்ததும் மூன்று வினாக்களை எழுப்புதல் நலம். கடிதத்தில் முதலாளியாகக் குறிக்கப்பட்ட கம்பெனி எது? பழைய சேவைக்காலம் தொடரும் என எழுத்தில் உள்ளதா? சம்பளமும் விடுமுறையும் குறையாமல் உள்ளனவா? விடை தெளிவாகும்வரை கையொப்பமிடாமல், விளக்கத்தை எழுத்து மூலம் கேட்பதே அறிவுடைமை. வேலை நீக்கம் நேர்ந்தால், வேலையில் மீண்டும் அமர்த்தக் கோரும் முறையீட்டை 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் செய்தல் வேண்டும்.

இடம் மாறுவது முதலாளியின் ஆணையால் நிகழலாம். முதலாளி மாறுவதற்கோ ஊழியரின் இசைவும் வேண்டும்.