பாட்டுக்கு எத்தனை ஃபேடர் வேண்டும்? வீட்டு ஸ்டூடியோவுக்கு மிடி கண்ட்ரோலர் வாங்குவதற்கு முன்…

பிறை தொழிற்பேட்டையில் சோனி நிறுவனத்தின் தொழிற்சாலை பல ஆண்டுகள் இயங்கியது. ஒலிச் சாதனங்கள் அங்கே தயாராகி வெளிநாடுகளுக்குப் போயின. அதை மூடி, உற்பத்தியைச் சிலாங்கூர், பாங்கியில் உள்ள ஆலைக்கு மாற்றும் முடிவு 2021இல் நடப்புக்கு வந்தது. செபராங் பிறை வட்டாரத்தில் இப்படிப்பட்ட மின்னணுத் தொழிற்சாலைகளில் ஷிஃப்ட் வேலை பார்த்த குடும்பங்களின் பிள்ளைகள் இன்று அடுக்குமாடி வீட்டு அறையில் மடிக்கணினியையும் ஹெட்போனையும் வைத்துக்கொண்டு பாட்டு உருவாக்குகிறார்கள்.

வீட்டில் பாட்டு உருவாக்குவதை யாரும் சின்ன விஷயமாக நினைக்கத் தேவையில்லை. ஏ.ஆர். ரஹ்மான் சென்னையில் தம் வீட்டு வளாகத்தில் அமைத்த ஸ்டூடியோவிலிருந்துதான் 1992இல் ‘ரோஜா’ வந்தது. 2006இல் வெளிவந்த யோகி பி, நட்சத்ரா குழுவினரின் ‘வல்லவன்’ ஆல்பம், மலேசியத் தமிழ் ராப் இசையைத் தமிழ்நாட்டு ரசிகர்களிடமும் கொண்டு சேர்த்தது.

ஆனால் வீட்டில் மிக்சிங் செய்பவர்களுக்குப் பழகிப்போன ஒரு தொல்லை உண்டு. பாட்டில் உறுமி ஏறும் இடத்தில் குரல் அமுங்கிப் போகிறது. குரலைக் கொஞ்சம் ஏற்ற வேண்டும், அதே நொடியில் உறுமியைக் கொஞ்சம் இறக்க வேண்டும். மவுஸில் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பிடிக்க முடியும். அப்போதுதான் ‘ஃபேடர் கண்ட்ரோலர் ஒன்று வாங்கினால் என்ன?’ என்ற எண்ணம் வருகிறது.

அது என்ன சாதனம்?

திருமண மண்டபத்திலும் தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலிலும் ஒலிபெருக்கிக்காரர் முன்னால் ஒரு மிக்சர் இருக்கும். அதில் மேலும் கீழும் தள்ளும் குமிழ்தான் ஃபேடர். கண்ட்ரோலரும் பார்வைக்கு அதேபோல் இருக்கும். ஆனால் வேலை வேறு. மிக்சருக்குள் ஒலி போகும், வரும். சாதாரண ஃபேடர் கண்ட்ரோலருக்குள் ஒலியே போகாது. அதில் மைக்கைச் செருக இடமும் இருக்காது. ஃபேடரைத் தள்ளும்போது ‘இந்த எண்ணுள்ள ஃபேடர் இப்போது இந்த அளவில் இருக்கிறது’ என்ற செய்தியை மட்டும் அது கணினிக்கு அனுப்பும். ஏற்றுவதும் இறக்குவதும் கணினியில் உள்ள மென்பொருளின் வேலை.

அந்தச் செய்தியின் மொழிதான் மிடி. 1983 ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த நாம் இசைக்கருவிக் கண்காட்சியில், சீக்வென்ஷியல் நிறுவனத்தின் கீபோர்டையும் ரோலண்ட் நிறுவனத்தின் கீபோர்டையும் ஒரு கேபிளால் இணைத்து, இரு வேறு நிறுவனக் கருவிகள் ஒன்றோடொன்று பேச முடியும் என்று காட்டினார்கள். இதற்காக டேவ் ஸ்மித்துக்கும் ரோலண்ட் நிறுவனர் இக்குதாரோ காக்கேஹாஷிக்கும் 2013இல் தொழில்நுட்ப கிராமி விருது கிடைத்தது. அதே ரோலண்டின் சில கருவிகள் இன்று நம் நாட்டிலேயே தயாராகின்றன. அடியில் திருப்பிப் பார்த்தால் ‘மேட் இன் மலேசியா’ என்று இருக்கும்.

மிடியின் சாதாரணக் கட்டளையில் அளவு 0 முதல் 127 வரை, மொத்தம் 128 படிகள். 100 மில்லிமீட்டர் ஓடும் ஃபேடரில் ஒரு படி கிட்டத்தட்ட 0.8 மில்லிமீட்டர். 30 மில்லிமீட்டர் மட்டுமே ஓடும் குட்டி ஃபேடரில் அது கால் மில்லிமீட்டர் கூட இல்லை. விரல் லேசாக அசைந்தாலே இரண்டு, மூன்று படிகள் தாண்டிவிடும். எனவே ஃபேடர் எத்தனை என்று எண்ணுவதற்கு முன், அது எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று பார்ப்பது நல்லது.

எந்த வேலைக்கு?

பெரிய பலகையைப் பார்த்தால் ஆசை வரும். ஆனால் ‘என் கை ஒரே நேரத்தில் எத்தனை விஷயத்தை நகர்த்துகிறது?’ என்ற கேள்விக்குப் பதில் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

வயலின், செல்லோ போன்ற சாம்பிள் ஒலிகளை வைத்துப் பின்னணி இசை அமைப்பவருக்கு, ஒலியின் அழுத்தத்துக்கு 1ஆம் எண் கட்டளையும் ஏற்ற இறக்கத்துக்கு 11ஆம் எண் கட்டளையும் பெரும்பாலும் போதும். அவருக்கு வேண்டியது இரண்டு, மூன்று ஃபேடர்கள்தான். ஆனால் அவை நீளமாக, வழுக்காமல், சீராக ஓட வேண்டும்.

மேடையில் பீட், லூப் எல்லாவற்றையும் நேரடியாகக் கலப்பவருக்கு எட்டு ஃபேடரும், எஃபெக்டுகளைத் திருப்பக் குமிழ்களும் தேவைப்படும். எட்டு ஃபேடர், எட்டுக் குமிழ் கொண்ட கோர்க் நானோகண்ட்ரோல்2 பைக்குள் அடங்கிவிடும் சிறிய சாதனம். அக்காய் மிடிமிக்ஸ், நோவேஷன் லாஞ்ச் கண்ட்ரோல் எக்ஸ்எல் இரண்டிலும் 24 குமிழ்கள் உண்டு. மிடிமிக்ஸில் எட்டு ஃபேடரோடு மொத்த ஒலிக்கு ஒன்று கூடுதல். லாஞ்ச் கண்ட்ரோலின் ஃபேடர்கள் 60 மில்லிமீட்டர் ஓடுபவை.

வீட்டில் ஒரு பாடகரின் குரலை வரிவரியாகச் சரிசெய்பவருக்குப் பல நேரம் ஒரே ஒரு நல்ல ஃபேடர் போதும். பிரிசோனஸ் ஃபேடர்போர்ட், பெரிங்கர் எக்ஸ்-டச் ஒன் ஆகியவை அந்த வகை. இரண்டிலும் மோட்டார் உண்டு.

மோட்டார் எதற்கு?

ஒரு பாட்டில் 16 டிராக் இருக்கின்றன, பலகையில் எட்டு ஃபேடர்தான் என்று வைத்துக்கொள்வோம். முதல் எட்டைச் சரிசெய்துவிட்டு அடுத்த எட்டுக்குப் போகும்போது, மென்பொருளில் டிராக்கின் அளவு 40இல் இருக்கும். கையில் உள்ள ஃபேடரோ 90இல் நிற்கும். தொட்டதும் ஒலி 40இலிருந்து 90க்குக் குதிக்கும். ஹெட்போனில் கேட்பவருக்குத் தூக்கிவாரிப்போடும்.

மோட்டார் ஃபேடர் தானாகவே 40க்கு நகர்ந்து நிற்கும். மோட்டார் இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. பல மென்பொருள்களில் ‘பிக்அப்’ என்ற அமைப்பு இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால், ஃபேடர் 40ஐக் கடந்து செல்லும்வரை மென்பொருள் அதைக் கண்டுகொள்ளாது. குதிப்பு நின்றுவிடும்.

வித்தியாசம் காசில்தான் பெரிதாகத் தெரியும். மோட்டார் இல்லாத சிறிய பலகை சில நூறு ரிங்கிட்டில் முடியும். மோட்டார் உள்ள எட்டு ஃபேடர் பலகை ஆயிரத்தைத் தாண்டும். அதற்குத் தனி மின் இணைப்பும் மேசையில் நிறைய இடமும் வேண்டும். 2025 பிப்ரவரி முதல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். அந்தச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்குபவருக்கு இது விளையாட்டான செலவு அல்ல. முடித்த டிராக்குக்கு அடிக்கடி திரும்பிப் போய்த் திருத்துபவருக்கு மோட்டார் உதவும். ஒரே ஓட்டத்தில் கலந்து பதிவுசெய்பவர் அது இல்லாமலும் சமாளிக்கலாம்.

வாங்குவதற்கு முன்

கையில் ஏற்கெனவே உள்ள மிடி கீபோர்டை முதலில் பார்க்க வேண்டும். பலவற்றில் ஃபேடரோ குமிழோ இருக்கும். இடப்பக்கத்து மாடுலேஷன் சக்கரத்தையும் ஃபேடர் போலப் பயன்படுத்தலாம். கைப்பேசித் திரையையே கண்ட்ரோலராக்கும் டச்ஓஎஸ்சி போன்ற செயலிகளும் உண்டு. கண்ணாடித் திரையில் விரலுக்குப் பிடிமானம் கிடைக்காது. ஆனாலும் எத்தனை ஃபேடர் தேவை என்று பெரிய செலவில்லாமல் தெரிந்துகொள்ள அது போதும்.

அடுத்து, மென்பொருளோடு பொருந்துமா என்று பார்க்க வேண்டும். கியூபேஸ், லாஜிக், ஏபிள்டன் லைவ், எஃப்எல் ஸ்டூடியோ போன்றவை ‘மேக்கி கண்ட்ரோல்’ என்ற பொது முறையை ஏற்கின்றன. கண்ட்ரோலரும் அதை ஏற்றால் இணைப்பது எளிது. இந்த முறையில் 128 படி என்ற கட்டுப்பாடும் இல்லை. ஃபேடரின் அசைவு இன்னும் நுணுக்கமாகப் பதிவாகும்.

கெரௌசல், முடா போன்ற தளங்களில் பழையதை வாங்குபவர்கள் மடிக்கணினியைக் கையோடு கொண்டுபோக வேண்டும். ஒவ்வொரு ஃபேடரையும் மெதுவாகத் தள்ளி, திரையில் எண் சீராக ஏறுகிறதா என்று பார்க்கலாம். அடியில் 0, உச்சியில் 127 வர வேண்டும். இடையில் எண் துள்ளினாலோ, கையை எடுத்த பிறகும் தானாக ஆடினாலோ, உள்ளே தூசி சேர்ந்திருக்கும் அல்லது தடம் தேய்ந்திருக்கும். தனி அடாப்டர் தேவைப்படும் சாதனமென்றால், அடாப்டரில் சிரிம் முத்திரை இருக்கிறதா என்றும் பார்ப்பது அவசியம்.

வாங்கிய பிறகு பெரிய பராமரிப்பு எதுவும் இல்லை. வேலை முடிந்ததும் ஒரு துணியால் மூடி வைத்தால் தூசி இறங்காது. ஃபேடர் இறுகினால் வீட்டில் கதவுக்குப் போடும் எண்ணெயை அடிக்கக் கூடாது. அது தூசியை இன்னும் பிடித்து வைக்கும். ஃபேடருக்கென்றே விற்கும் சுத்திகரிப்புத் திரவம்தான் சரி.

நல்ல ஹெட்போன் இன்னும் இல்லாதவர் முதலில் அதைத்தான் வாங்க வேண்டும். குரல் எங்கே அமுங்குகிறது என்று காதுக்குத் தெரிந்தால்தானே கை அங்கே போகும்! ஹெட்போன் இருப்பவர்கள், அடுத்த பாட்டைக் கலக்கும்போது பக்கத்தில் ஒரு தாளை வைத்துக்கொள்ளலாம். ‘இங்கே இரண்டு கை இருந்திருந்தால்’ என்று தோன்றும் ஒவ்வொரு முறையும் ஒரு கோடு போட வேண்டும். எந்தெந்த டிராக் என்றும் குறித்துக்கொள்ளலாம். பாட்டு முடியும்போது எத்தனை ஃபேடர் வேண்டும் என்பது அந்தத் தாளிலேயே இருக்கும். கடைக்குப் போகும்போது அதை எடுத்துப் போனால் போதும்.