விராலைக் காட்டிக்கொடுக்கும் மூச்சு

ஜூன் 7 அல்லது 8ஆம் தேதி சூரியன் மிருகசீரிட நட்சத்திரத்துக்குள் நுழைகிறது என்பது பஞ்சாங்கக் கணக்கு. தெலங்கானாவில் அதை ‘மிருகசிர கார்த்தி’ என்பார்கள். ரோகிணிக் கார்த்தியின் வெயில் தணிந்து மழை தொடங்கும் நேரம். அன்று மீன் சாப்பிடுவது உடம்புக்கு நல்லது என்பது அங்குள்ள நம்பிக்கை. ஹைதராபாத்தின் ராம்நகர், முஷீராபாத் மீன் சந்தைகளில் அன்று காலை நிற்க இடம் கிடைக்காது. கட்லாவும் ரோகுவும் குவிந்து கிடந்தாலும் தனி மரியாதை கொர்ரமீனுக்குத்தான். அதாவது, நம் ஊர் விரால். அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவருக்குக் குழம்பு வைத்துக் கொடுக்கிறோமே, அதே மீன். அங்கே அது மாநில மீனும்கூட.

அதே நாளில் நாம்பள்ளி கண்காட்சி மைதானத்தில் ‘பத்தினி’ என்ற குடும்பத்தார் ‘மீன் பிரசாதம்’ தருகிறார்கள். இரண்டு மூன்று அங்குல விரால் குஞ்சின் வாயில் மஞ்சள் நிற மூலிகைப் பசையை வைத்து, உயிரோடு ஆஸ்துமா நோயாளியின் தொண்டைக்குள் இறக்கிவிடுவார்கள். 1845இல் ஒரு சாது தங்கள் முன்னோருக்குச் சொல்லிக்கொடுத்த மருந்து இது என்பது குடும்பத்தாரின் கூற்று. ஆஸ்துமாவை இது குணப்படுத்தும் என்பதற்கு மருத்துவச் சான்று கிடையாது. விழுங்கிவிட்டு வருகிறவர்கள் இன்ஹேலரைத் தூக்கிப் போடாமல் இருந்தால் சரி. எனக்கு ஆர்வம் மருந்தில் இல்லை, மீனில். மூச்சுத் திணறலுக்காக விழுங்கப்படும் இந்த இனம், தானே காற்றை விழுங்கி உயிர் வாழ்கிறது.

விராலுக்கும் செவுள் உண்டு. ஆனால் வளர்ந்த மீனுக்கு அது மட்டும் போதாது. செவுளுக்கு மேலே, தலைக்குள், ரத்த நாளங்கள் அடர்ந்த ஓர் அறை இருக்கிறது. விரால் அவ்வப்போது மேலே வந்து வாயால் ஒரு மடக்குக் காற்றை எடுத்து அந்த அறையை நிரப்பிக்கொள்கிறது. மேலே வர முடியாமல் வலையில் சிக்கிக்கொண்டால் நீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துப்போகும். மீன் மூழ்கிச் சாகுமா என்று சிரிக்க வேண்டாம், விரால் சாகும்.

இதற்குக் கிடைக்கும் பலன் பெரிது. சித்திரை, வைகாசியில் தக்காணத்து ஏரிகள் வற்றும்போது, மிஞ்சிய கலங்கலில் ஆக்சிஜன் அற்றுப்போகும். ரோகு செத்து மிதக்கும் குட்டையில் விரால் பாட்டுக்கு இருக்கும். நீரே இல்லாவிட்டாலும் ஈரச் சேற்றில் புதைந்து மழைக்குக் காத்திருக்கும். தோல் காயாதவரை உயிர் போகாது. சந்தையில் கையளவு தண்ணீரில் அது துள்ளிக்கொண்டிருப்பதும் இதனால்தான்.

ஆனால் மேலே வந்தே தீரவேண்டிய மீன், இருக்கும் இடத்தைத் தானே சொல்லிவிடுகிறது. விவரமான தூண்டில்காரர் கரைக்கு வந்ததும் தூண்டிலை வீச மாட்டார். பாசிக்கும் தாமரை இலைக்கும் நடுவே எங்கே நீர் ‘பொளக்’ என்று உடைகிறது என்று பார்த்துக்கொண்டு நிற்பார். நம் குளத்து மீன்பிடிப்பைப் பற்றி 1887இலேயே ‘டேங்க் ஆங்லிங் இன் இந்தியா’ என்று தனிப் புத்தகம் எழுதியவர் மதராஸ் சிவில் சர்வீஸ் அதிகாரி ஹென்றி சல்லிவன் தாமஸ். அதற்குப் பிறகு கம்பு மாறியிருக்கிறது, சுருள் மாறியிருக்கிறது. உயிர்த் தவளையைக் கோத்த கொக்கியில் இன்று ரப்பர் தவளை. விராலின் மூச்சு மட்டும் மாறவில்லை.

மழை வந்ததும் கதை வேறு. ஏரி ஏறி, கரையோரப் புல் நீரில் மூழ்கியதும் விரால் ஜோடி சேரும். செடிகொடிகளை விலக்கி வட்டமாக ஓர் இடத்தைத் துப்புரவாக்கி அங்கே முட்டையிடும். முட்டைக்குள் எண்ணெய்த் துளி இருப்பதால் அது மிதக்கும். அடியில் ஆக்சிஜன் குறைந்த நீரில் இது நல்ல ஏற்பாடு. ஒன்றிரண்டு நாளில் பொரித்துவிடும். செம்மஞ்சள் நிறக் குஞ்சுகள் கூட்டமாக நீர்ப்பரப்பில் நகர, தாயும் தகப்பனும் கீழே காவல். தவளையோ பாம்போ எது நெருங்கினாலும் பாய்ந்து கடிக்கும். பசியால் அல்ல, ஆத்திரத்தால். அந்தக் கூட்டத்துக்கு நடுவே ரப்பர் தவளையை வீசுகிறவருக்கு மீன் நிச்சயம். அதில் என்ன திறமை இருக்கிறது என்று எனக்குப் புரிந்ததில்லை.

காவல் காக்கும் மீனைப் பிடிக்கலாமா என்ற இதே வழக்கு வட அமெரிக்காவில் வசந்த காலத்தில் நடக்கிறது. அங்கே தூண்டில்காரர்களின் கனவு மீன்கள் ஸ்மால்மவுத் பாஸும் நார்தர்ன் பைக்கும். பனி உருகிய கையோடு, மூழ்கிய புல்லில் முட்டையைச் சிதறிவிட்டுப் போய்விடும் பைக். பிள்ளை வளர்ப்பெல்லாம் அதற்குக் கிடையாது. பாஸ் அப்படியல்ல. நீர் 15 டிகிரி செல்சியஸை எட்டியதும் ஆண் மீன் வாலால் கூழாங்கல்லைத் துடைத்துக் கூடு அமைக்கிறது. பெண் முட்டையிட்டுவிட்டுப் போய்விட, வாரக்கணக்கில் ஆண் தனியாகக் காவல் காக்கிறது. அதைத் தூண்டிலில் இழுத்து, படம் எடுத்து, திரும்ப விட்டாலும்கூட அந்த இடைவெளியில் சிறு மீன்கள் கூட்டுக்குள் புகுந்து முட்டைகளைத் தின்றுவிடுகின்றன. களைத்துத் திரும்பும் தகப்பன் சில சமயம் கூட்டையே கைவிட்டுவிடுகிறது. கனடாவின் தெற்கு ஒன்டாரியோவில் பாஸ் பிடிக்கும் பருவம் ஜூன் பிற்பாதியில்தான் தொடங்குகிறது என்றால் காரணம் இதுதான்.

விராலின் சீன உறவுக்கார மீன் ஒன்று 2002இல் அமெரிக்காவின் மேரிலாந்தில் கிராஃப்டன் என்ற ஊர்க் குட்டையில் சிக்கியபோது, ‘நிலத்தில் நடக்கும் அரக்க மீன்’ என்று பத்திரிகைகள் அலறின. அரசு அதே ஆண்டில் உயிருள்ள விரால் இனங்களின் இறக்குமதியையே தடை செய்தது. நடப்பதெல்லாம் மிகை. காற்றைச் சுவாசிப்பதும் குஞ்சுகளைக் காப்பதும்தான் அதன் உண்மையான பலம்.

முட்டையிடும் காலத்தில் மீனை விட்டுவைப்பது நமக்கும் புதிதல்ல. கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் பழகிப்போனது. உள்நாட்டு நீரிலும் முன்னுதாரணம் உண்டு: மத்தியப் பிரதேசத்தில் ஜூன் 16 முதல் ஆகஸ்ட் 15 வரை மீன்பிடிக்கத் தடை. விராலுக்கு அந்த இரண்டு மாதம் மிகப் பொருத்தம். ஆனால் ஹைதராபாத்தில் அதன் கிராக்கி உச்சத்துக்குப் போவது மிருகசிர கார்த்தியில், முதல் மழை இறங்கும் வாரத்தில்.

பண்ணையில் வளர்க்கலாமே என்றால், வளர்க்கிறார்கள். ஹார்மோன் ஊசி போட்டு முட்டையிட வைக்கவும் முடியும். சிக்கல் அதற்குப் பிறகு. ஒரே தொட்டியில் சற்றுப் பெரிய குஞ்சு சின்னதை விழுங்கிவிடும். அதனால் அடிக்கடி சலித்து, அளவு பார்த்துப் பிரித்துக்கொண்டே இருக்கவேண்டும். தவிடும் புண்ணாக்கும் தின்று வளரும் கெண்டை அல்ல இது. மாமிசத் தீனி வேண்டும். கட்லா வாங்கப் போனவர் கொர்ரமீன் விலையைக் கேட்டதும் ஓர் அடி பின்வாங்குவது இதனால்தான்.