இரண்டு பெயரில் ஒரு வைஃபை

தோட்டத்துக் கோயிலில் திருவிழா நடக்கும்போது, ஒரு மேட்டைத் தாண்டி நின்று கேட்டிருப்பீர்கள். உறுமியின் முழக்கம் அங்கும் வந்து சேரும். தாளத்தின் ஓசையோ கோயிலை நெருங்கினால்தான் காதில் விழும். நேயர்களே, வீட்டு இணையத்தின் அலைகளும் ஏறக்குறைய இப்படித்தான்.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கிப் பள்ளிகள் மூடப்பட்டபோது, பிள்ளைகளின் பாடம் கைப்பேசிக்கு வந்தது. கம்பி இணைப்பு எட்டாத தோட்டங்களில் சிம் அட்டை போடும் மோடமே துணையாயிற்று. லாபு, பஹாவ், லிங்கி எனப் பல பக்கங்களிலும் இன்றும் நாம் கேட்கும் முறையீடு ஒன்றுதான்: “மாதா மாதம் பணம் கட்டுகிறோம், பிள்ளையின் பாடம் பாதியில் நின்று விடுகிறது.” கூடுதல் வெள்ளி கட்டிப் பெரிய திட்டத்துக்கு மாறுமுன் ஒன்றைக் கவனிப்போம்.

கைப்பேசியில் வைஃபையைத் திறந்தால், உங்கள் மோடத்தின் பெயர் இரண்டு முறை தெரியலாம். ஒன்றின் கடைசியில் ‘5ஜி’ என்றிருக்கும். இது கோபுரத்திலிருந்து வரும் ஐந்தாம் தலைமுறைச் சேவை அன்று. வீட்டுக்குள் ஓடும் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைத்தான் அப்படிச் சுருக்கி எழுதிவிட்டார்கள். பெயர் வைத்தவர்கள் நம்மைக் குழப்பிவிட்டார்கள் என்றே சொல்ல வேண்டும். இதற்காக 5ஜி கைப்பேசி வாங்க வேண்டியதில்லை. ஆனால் மிகப் பழைய கைப்பேசிகள் சிலவற்றுக்கு இந்தப் பெயர் கண்ணிலேயே படாது.

மற்றொன்று 2.4 கிகாஹெர்ட்ஸ். அதாவது நொடிக்கு 240 கோடி முறை அதிரும் அலை. அதன் நீளம் ஏறக்குறைய 12 சென்டிமீட்டர். 5 கிகாஹெர்ட்ஸ் அலை நொடிக்கு 500 கோடி முறைக்கு மேல் அதிர்கிறது. நீளம் 6 சென்டிமீட்டருக்கும் குறைவு. முன்னது உறுமி, சுவரைத் தாண்டிச் சமையற்கட்டு வரை போகும். பின்னது தாளம், வேகம் மிகுதி, ஆனால் கற்சுவர் இரண்டு குறுக்கிட்டால் சோர்ந்துவிடும்.

அப்படியானால் உறுமியே போதுமே என்பீர்கள். தனித்து நிற்கும் வீட்டுக்குப் போதும்தான். லயத்து வீடுகளில் கதை வேறு. 2.4 அலைவரிசை குறுகிய பாதை. ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் ஓடத்தக்க தடங்கள் அதில் மூன்றே: 1, 6, 11. ஒரே கூரையின்கீழ்ப் பத்து வீடுகள், பத்து மோடங்கள் என்றால், அந்த மூன்று தடங்களில்தான் எல்லாரும் முட்டிக்கொள்ள வேண்டும். இரவு எட்டு மணிக்கு எல்லா வீட்டிலும் படம் ஓடும்போது பாடம் தடுமாறுவதற்கு இதுவும் ஒரு காரணம். புளூடூத் கருவிகளும் மைக்ரோவேவ் அடுப்பும்கூட இதே பாதையில்தான் குறுக்கிடுகின்றன. 5 கிகாஹெர்ட்ஸில் தடங்கள் அதிகம். அடுத்த வீட்டு அலை நம் சுவரைத் தாண்டிப் பலமாக வராததும் நமக்கு நல்லதே. ஆகவே லயத்து வீட்டில், மோடம் இருக்கும் அறையிலேயே படிக்கும் பிள்ளைக்கு 5. பின்கட்டுக்கும் வாசலுக்கும் 2.4 என்பது எங்கள் எண்ணம்.

ஆனால் முதலில் ஒரு சோதனை. மோடத்தின் அருகிலேயே அமர்ந்து 5-இல் இணைத்துப் பாருங்கள். அங்கும் மெதுவாக இருந்தால், குறை வீட்டுக்குள் இல்லை. கோபுரத்துக்கும் மோடத்துக்கும் இடையில் இருக்கிறது. கோபுரத்து அலைகளிலும் இதே உறுமி, தாளம் கணக்கு உண்டு. நம் நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 5ஜி சேவைக்கு 700, 3500 மெகாஹெர்ட்ஸ் அலைகள் ஒதுக்கப்பட்டன. முன்னது தொலைவு போகும், பின்னது வேகம் தரும். செம்பனை ஓலையில் நீர் அதிகம். அது அலையை விழுங்கும். மழையில் நனைந்த ஓலை இன்னும் அதிகமாக விழுங்கும்.

இப்படியானால் மோடத்தைக் கோபுரம் இருக்கும் திசையிலுள்ள சன்னலோரம், உயரமாக வையுங்கள். தொலைக்காட்சிக்குப் பின்னாலோ இரும்பு அலமாரிக்குள்ளோ துத்தநாகத் தகட்டுச் சுவரை ஒட்டியோ வேண்டாம். உலோகம் அலையைத் திருப்பி அடித்துவிடும். இடத்தை இரண்டு மூன்று நாள் மாற்றி மாற்றிப் பாருங்கள். அதற்குப் பின்னும் சரிப்படாவிட்டால், பெரிய திட்டம் வாங்கியும் பயனிராது. பக்கத்து வீட்டாரின் சிம் எந்த நிறுவனத்தினுடையது என்று கேட்டு, அதை ஒரு மாலை நேரம் இரவல் வாங்கி உங்கள் மோடத்தில் போட்டுப் பாருங்கள்.